வால் கீழே, அலை மேலே

முன்னால் நின்றவர் ஜெர்மானியர். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகுடேஸ்வரன் அவருடைய பின்கழுத்துக் காலரை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார், உள்தையலைப் பார்த்தார், துணியை ஒருமுறை கிள்ளி உருட்டினார், பழையபடி மடித்து வைத்தார். ஆள் திரும்பியபோது மகுடேஸ்வரன் முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது.

"நம்மூர்ச் சரக்கு இல்ல," என்றார் மனைவி கோமளாவிடம். "சோல்டர்ல டேப் வெக்காம உட்டுட்டானுக."

"ஏனுங்க, திமிங்கிலம் பாக்க வந்தமா, அடுத்தவிய சட்டையைப் பாக்க வந்தமா?"

படகு ஐஸ்லாந்தின் வடகரையிலிருந்து கிளம்பியிருந்தது. மகுடேஸ்வரனுக்கு இடமெல்லாம் ஒன்றுதான். பல்லடம் சாலையில் பனியன் கம்பெனி வைத்த நாளிலிருந்து அவர் விரல்கள் சும்மா இருந்ததில்லை. ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளைக்கு வலக்கை கொடுத்துக்கொண்டே இடக்கையால் கோட்டின் உள்துணியைப் புரட்டிப் பார்த்தவர் அவர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தப்பு கண்ணில் பட்டால் சொல்ல மாட்டார், சரிசெய்துவிடுவார். தாராபுரத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போனால், அவர்கள் காபி போட உள்ளே போகும் நேரத்தில் கோணலாகத் தொங்கும் படங்களை நேராக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருப்பார். "எடுத்துச் சொன்னா அவிய மனசு நோவுமில்லீங்க? கமுக்கமாச் சரி பண்ணிப்போடோணும்" என்பார்.

இந்த மரியாதைதான் அவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது.

இந்தத் துறைமுகத்தில் திமிங்கிலம் காட்டும் படகுகளை நடத்துபவர் சிக்ரூன் என்ற பெண்மணி. தன் கடையில் விற்பதற்காக டி-சர்ட்டு கேட்டிருந்தார். நெஞ்சில் ஒரு படம்: கீழே அலைக்கோடு, அதற்கு மேலே விரிந்து நிற்கும் பெரிய வால். சாம்பிள் சரியாகப் போனது, அவரும் ஒப்புக்கொண்டார். மொத்தச் சரக்கையும் பிரிண்டிங்குக்கு ஏற்றிய அன்றுதான் மகுடேஸ்வரன் பிரிண்டிங் மேசைப் பக்கம் நடந்துவந்தார். மீன் என்றால் அவர் கண்டது அமராவதி ஆற்று மீன்.

"தண்ணிக்கு மேல வாலா? பாவம், அந்தம்மா படத்தைத் தலைகீழா அனுப்பிப்போடுச்சு," என்று சொல்லித் திருப்பி அடிக்கச் செய்தார். அலை மேலே, வால் கீழே. சிக்ரூனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் மனசு நோகுமே!

பெட்டியைப் பிரித்த சிக்ரூன், சரக்கு வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். டி-சர்ட்டு போனால் போகட்டும். பயணிகளுக்கான குளிர்கால உள்ளாடை ஆர்டரும் இவரிடமிருந்துதான் வர வேண்டும். அதை நம்பித்தான் மகுடேஸ்வரன் கம்பெனியில் பாதிப் பேர் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் உடனே விமானம் ஏறினார். துணைக்குக் கோமளாவும் வந்தார். சிக்ரூனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஒன் டே டைம் குடுங்க மேடம். ஏதாச்சு ஒரு ஃபிஷ் நம்ம பிரிண்ட் மாதிரி வால் காட்டும் மேடம்."

"அது மீன் இல்லை," என்றார் சிக்ரூன். ஆனாலும் ஒப்புக்கொண்டார். இன்றைக்கு மூன்று நடை. மூன்றிலும் அவர்கள் ஏறிக்கொள்ளலாம். கடைசி நடை கரை சேரும்போது தன் முடிவைச் சொல்லிவிடுவார்.

முதல் நடையில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. கறுப்பாக எழுந்து, பளபளத்து, மூழ்கிவிட்டது. படகே "ஆ" என்றது.

"குட்டையில எருமை கெடக்கற மாதிரித்தான் இருக்குது," என்றார் மகுடேஸ்வரன். "வாலைக் காட்டல பாரு."

"காட்டிப்போட்டா உங்க மானம் போயிருமுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் கோமளா. ஊட்டி பஸ்ஸுக்கு எடுத்துப்போவதுபோல் மடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். கணவர் முகம் வெளுக்கும்போதெல்லாம் ஒன்றை மூக்கருகே நீட்டினார். படகுக்காரர்கள் கொடுத்த சிவப்புக் குளிர் அங்கிக்குள் மகுடேஸ்வரன் பஞ்சுப்பொதிபோல் இருந்தார்.

இரண்டாவது நடையில் ஒன்று படகுக்கு மிக அருகில் வந்து மூச்சு விட்டது. புகை மேலே போயிற்று, நாற்றம் எல்லார் மேலும் இறங்கியது.

"அடேங்கப்பா! நம்ம சாயப்பட்டறையா இருந்தா இந்நேரம் சீல் வெச்சிருப்பாங்க," என்றார் மகுடேஸ்வரன். அதுவும் வாலைக் காட்டாமல் போய்விட்டது. சிக்ரூன் மைக்கில் கடலின் ஆழம் பற்றிச் சொல்லிக்கொண்டே அவரை ஒருமுறை பார்த்தார்.

மூன்றாவது நடைக்கு மகுடேஸ்வரன் கையில் ஒரு டி-சர்ட்டோடு ஏறினார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் இருந்தவர் காலரைக்கூடத் தொடவில்லை. கோமளாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

கரைக்குத் திரும்பும் வழியில், படகின் பின்பக்கம், தண்ணீர் வழுவழுப்பாகி விலகியது. முதுகு வளைந்தது. அதன் பின்னால் வால் எழுந்தது. அவசரமே இல்லாமல், இரண்டு பக்கமும் விரிந்து, தண்ணீர் சொட்டச்சொட்ட வானத்தைப் பார்த்து நின்றது. கீழே அலை, மேலே வால். சிக்ரூன் அனுப்பிய படமேதான்.

சிக்ரூன் மகுடேஸ்வரனைப் பார்த்தார். கோமளாவும் பார்த்தார். மகுடேஸ்வரன் வாலைப் பார்த்தார், டி-சர்ட்டைப் பார்த்தார். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, காலை அகட்டி, பஞ்சுப்பொதி மடங்குவதுபோல் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தார்.

"மேடம்! கரெக்ட் மேடம்! சேம் பிரிண்ட்!"

"அட சாமி, எந்திரிங்க! மானம் போகுது!" என்றார் கோமளா.

காலையில் வாலைக் காணாமல் மறுபடி ஏறியிருந்த ஜெர்மானியர்தான் முதலில் குனிந்தார். "யா!" என்று கத்தினார். அவர் மனைவி குனிந்தார். கோமளா தலையில் அடித்துக்கொண்டு, சேலையைச் செருகி, தானும் குனிந்தார். "அட, ஆமாங்க!" கம்பி ஓரமாக வரிசையாகச் சிவப்பு முதுகுகள். வால் மறையும்வரை யாரும் நிமிரவில்லை.

கடைசியாக நிமிர்ந்தவர் சிக்ரூன். சிரித்ததில் கண்ணில் நீர் வந்திருந்தது. மகுடேஸ்வரன் கையிலிருந்த டி-சர்ட்டை வாங்கித் தன் அங்கிக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

"பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும். கடையில் ஒரு பலகை வைக்கிறேன், 'குனிந்து பார்க்கவும்' என்று. உள்ளாடைக்கு நாளைக்குப் பேசலாம்."

"தேங்க்யூ மேடம்," என்றார் மகுடேஸ்வரன்.

சிக்ரூன் மைக்கை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினார். அவருடைய பின்கழுத்தில், டி-சர்ட்டின் காலர் ஓரத்தில், ஒரு நூல் பிசிறு காற்றில் ஆடியது. மகுடேஸ்வரன் இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு விரலால் அதைப் பட்டென்று அறுத்து, கமுக்கமாகத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.