பாண் ஆட்டோவின் பாதி மெட்டு

அப்பா இறந்து ஒரு வருடம் ஆனபோது, அவருடைய திவசத்துக்கு எந்தப் பாட்டைப் போடுவது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் கலஹாவுக்கு மேலே இருக்கிறது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் வருட திவசம் என்றால் முதல் நாளே கம்பம் நட்டு ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். விடிந்ததும் பிள்ளையார் பாட்டு. இரண்டாவதாக வருவது இறந்தவருடைய பாட்டு. உயிரோடு இருந்தபோது எதை முணுமுணுத்தாரோ, எதற்காக வானொலியின் சத்தத்தைக் கூட்டினாரோ அது. பக்கத்து லயத்துக் கங்காணியின் திவசத்தில் இரண்டாவது பாட்டு ஒலித்தபோது, அவரோடு பல வருடம் பேசாமல் இருந்தவர்கூட மூக்கைச் சிந்தினார். அப்படி ஒரு பாட்டு இல்லாமல் அப்பாவின் நாள் போய்விட்டால், அந்த மனிதருக்கு உலகத்தில் எதுவுமே பிடித்திருக்கவில்லை என்று ஆகிவிடும்.

பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். பேராதனையில் பட்டம் வாங்கினேன்; கண்டியில் ஓர் அலுவலகத்தில் எனக்கென்று கதிரையும் மேசையும் இருக்கின்றன. விண்ணப்பம் எழுதுவது முதல் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது வரை லயத்தில் எல்லாம் என்னிடம்தான் வரும். ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பதா பெரிய வேலை?

தோட்டத்து லொறி ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன்.

"அப்பாவா? பாட்டுப் போட்டாலே, அத அமத்துடா, மண்ட வலிக்குதுன்னு சொல்லும். அதத்தான் ரெக்கோட் பண்ணிப் போடணும்."

அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு என்னா பாட்டு? கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்புள்ளையத் திட்டுவாரு. அது கொஞ்சம் ராகமா இருக்கும்" என்றார்.

ஆகவே நானே வீணை இசை ஒன்றைத் தெரிவு செய்தேன். வார்த்தை இல்லை, ஒப்பாரி இல்லை, கண்ணியமான இசை. ஒலிபெருக்கியோடு கம்பளையிலிருந்து வந்திருந்த சவுண்ட்காரர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா பெரிய எடத்துப் பாட்டா இருக்கே."

"பெரிய இடந்தான்" என்றேன்.

மறுநாள் விடிந்து, பிள்ளையார் பாட்டு முடிந்து, தேயிலை மலைக்கு மேல் வீணை எழுந்தது. மெதுவாக, துக்கமாக, மிக அழகாக. சற்று நேரத்தில் மேல் லயத்து அத்தை கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லோர் முகத்திலும் கவலை.

"யாரு போயிட்டாங்க? மந்திரியா, அதுக்கும் மேலயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாட்டின் தலைவர் யாராவது இறந்தால் வானொலியும் தொலைக்காட்சியும் நாள் முழுக்க இப்படித்தான் வாயில்லா வாத்தியத்தை இழைத்துக்கொண்டிருக்கும்.

"அப்பாவோட திவசம் அத்தை. அப்பாவுக்குத்தான்."

"ஒங்கப்பன் போயித்தான் வருசமாச்சே. இப்ப யாரு?"

பின்னால் நின்ற ஒருவர், "அப்ப இன்னைக்குப் பேரட்டு இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். பேரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் புறப்பட்டிருந்த இரண்டு பேர் பதிலுக்குக் காத்திராமல் படுக்கத் திரும்பிவிட்டார்கள். தோட்டத்துக்கு லீவு கொடுத்தது யார் என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணி தொலைபேசியில் அண்ணனைத் திட்டினார்.

அம்மா கையில் அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்தார்.

"அத நிப்பாட்டு. அது அவரு இல்ல. பாண் ஆட்டோவுல ஒண்ணு வருமே, அத முனங்கிக்கிட்டே திரிவாரு. அதெல்லாம் ஒரு பாட்டுன்னு நெனக்கல."

"ஆமா" என்றான் அண்ணன். "தேயிலச் செடி கவ்வாத்து வெட்டயிலயும் அதத்தான் விசிலடிக்கும்."

கெலிஓயா பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம்காரரின் ஆட்டோ அது. பின்னால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாணும் பணிஸும், மேலே கீச்சென்று ஒரு மெட்டுப் பாடும் சின்ன ஸ்பீக்கர். தினமும் லயத்துக்கு மேலுள்ள வளைவில் வந்து நிற்கும்.

"பாண்காரர் பாட்டையா போடச் சொல்றீங்க? ஒப்பீஸ்காரவங்கள சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன்மா."

"வரட்டும். அவுங்களும் பாண் திங்கிறவங்கதானே."

சவுண்ட்காரர் கைத்தொலைபேசியில் தேடி அந்த மெட்டைப் பிடித்தார். போட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. ஓர் இடம் தாண்டியதும் அகப்பையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு. அது வரைக்குந்தான் அவரு. அதுக்கப்புறம் யாருன்னு தெரியல."

அம்மா சொன்னது சரி. அப்பா எப்போதும் அந்த இடத்தில் நின்று, தொண்டையைச் செருமிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஆட்டோவின் பாட்டும் அதே இடத்தில்தான் நிற்கும். மிச்சத்தை எங்கள் லயத்தில் யாரும் கேட்டதில்லை. சவுண்ட்காரர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

லயங்கள் காலியாயின. கையில் பையோடு, இடுப்பில் பிள்ளையோடு, எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பாண் எங்கே, ஆட்டோ எங்கே என்று கேட்டார்கள். மேல் லயத்து அத்தை கூடையைப் போட்டுவிட்டுப் பையோடு வந்திருந்தார்.

"மந்திரி செத்ததுக்குப் பாண் குடுக்குறாங்களா?"

நான் விளக்கிக்கொண்டிருந்தபோது வளைவில் உண்மையான ஆட்டோ வந்து குலுங்கி நின்றது. பாண்கார நானா மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"யாரு இங்க பாண் விக்கிய? இது என்ட ரோட்டு."

கதிரையில் மாலை போட்டு வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அவர் கோபம் இறங்க, குனிந்து பார்த்தார்.

"இந்த மனிசனா? ஒரு நாளும் என்கிட்ட பாண் வாங்கல்ல."

"பாண் அவருக்கு ஆகாது. நெஞ்செரியும்" என்றார் அம்மா.

"அப்ப இவர் என்னத்துக்கு ஓடி வந்த? நான் வளைவுல பாட்டப் போட்டதும் இவர்தான் மொதல்ல ஓடி வார. வாங்கத்தான் வாராருன்னு நான் உடனே பாட்ட நிப்பாட்டிடுவேன். வந்து நின்டு, என்ட மொகத்தப் பாத்துட்டு, திரும்பிப் போயிடுவார்."

"அவரு போயி ஒரு வருசமாச்சு நானா. இப்பவும் அதே இடத்துலதான் நிப்பாட்டுறீங்க" என்றேன்.

"கை பழகிட்டு தங்கச்சி."

மிச்சப் பாட்டைக் கேட்கத்தான் அப்பா ஓடியிருக்கிறார். அவர் ஓடியதால்தான் அது நின்றிருக்கிறது. ஏன் நிறுத்துகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கணக்கப்பிள்ளையை அப்படித் திட்டிய மனிதர், இதைக் கேட்கவில்லை.

"முழுசாப் போடுங்க" என்றார் அம்மா.

நானா ஏறிப் போய் சுவிட்சைத் தட்டினார். பழக்கத்தில் எழுந்த கையைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். மெட்டு அந்த இடத்தைத் தாண்டியது. காலிப் பைகளோடு எல்லோரும் அசையாமல் நின்றோம். அது கொஞ்சம் மேலே போனது, தடுமாறியதுபோல் இறங்கியது, சட்டென்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அம்மா. பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னார்: "மொதப் பாதிதான் நல்லாருக்கு. ஒங்களுக்கு ஒண்ணும் பெருசா நட்டமில்ல."

மேல் லயத்து அத்தை மூக்கைச் சிந்தினார். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, இரண்டு இறாத்தல் பாண் வேண்டும் என்று பையை நீட்டினார்.