கொஞ்சம் பொறுங்க டாக்டர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்க வந்தவள். இன்று அதே பிரசவ வார்டுக்குள் அவள் நுழைந்தால் நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போடுகிறாள் என்றால், அது யாரும் தூக்கிக் கொடுத்த மரியாதை இல்லை, அவளே சம்பாதித்தது. வலியில் துடித்த பெண்கள் துடைப்பத்தோடு நின்ற அவளைத்தான் எட்டிப் பிடித்தார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். அதுவே தொழிலாகிவிட்டது.

படித்தவர்கள் அதற்கு டூலா என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வார்டில் அவள் துணையக்கா. குழந்தையை ஏந்துவது அவள் வேலை இல்லை. ஊசி மருந்தைத் தொடமாட்டாள். இடுப்பை அழுத்திவிடுவாள், மூச்சை இழுத்து விடச் சொல்லுவாள், பெண் பயந்து அலறும்போது முகத்துக்கு நேரே முகம் வைத்து நிற்பாள். கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற புருஷன்காரனைக் காபி வாங்க விரட்டுவதும் அவள்தான். சும்மா நிற்கிற ஆம்பளை பிரசவ அறைக்கு ஆகாது என்பது அவள் கட்சி.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முன்னுக்கு வந்தவளுக்கு அது கூட இல்லாமல் எப்படி?

அந்த வாய்தான் பிரசவத்துக்குத் துணை கேட்ட ஒரு தையல்காரி வீட்டில் வேலையைக் காட்டியது. தையல்காரிக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் ஆபரேஷனில் முடிந்திருந்தது.

"எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலக்கா. நானே ஒரு துணியை வெட்டணும்னா ஆளைக் கேட்டுட்டுத்தான் கத்திரியை எடுப்பேன். என் வயித்தைக் கேக்காம வெட்டிட்டாங்க."

"இந்தத் தடவை நான் நிக்கறேன்ல? கத்தி கிட்ட வந்துடுமா? வரட்டும், பாத்துக்கறேன்."

அதோடு விட்டாளா? எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை இவளுக்கும் எடுத்தாள். "யாரு வந்து அவசரப்படுத்தினாலும் 'கொஞ்சம் பொறுங்க டாக்டர்'னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

"என்னடி இது, பூனைக்குட்டி மாதிரி? அதட்டிச் சொல்லு."

அடுப்படியிலிருந்து புருஷன்காரன் குரல் கொடுத்தான். பஸ் டிரைவர் அவன். "அக்கா, என்கிட்ட தினம் அதட்டித்தான் பழகிக்கிட்டிருக்கா. நீங்க கவலையே படாதீங்க."

நன்றாகத்தான் பழகியிருந்தாள்.

வலி வந்த அன்று காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போனது. தையல்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். துணையக்கா உள்ளங்கையால் அவள் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தாள். வயிற்றைச் சுற்றிக் கட்டிய பட்டையிலிருந்து குழந்தையின் இதயத்துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. டக்டக்டக்கென்று, தையல் மெஷினை விரட்டி மிதிக்கிற வேகம். டிரைவரைக் காபிக்கு அனுப்பியாகிவிட்டது.

வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்த நேரம், அந்தச் சத்தம் தளர்ந்தது. நர்ஸ் வந்து தையல்காரியைப் படுக்கவைத்து, பட்டையை நகர்த்திப் பார்த்தாள். டாக்டரம்மா வேகமாக வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பழைய ஆபரேஷன் தழும்பின் மேல் விரல் பட்டதும் தையல்காரி துள்ளினாள்.

"வலி விட்ட பிறகும் துடிப்பு ஏறலம்மா. பழைய தையல் விட்டுடுமோன்னு பயமா இருக்கு. உடனே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும். நீ சம்மதம் சொல்லணும்."

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

சத்தமாக, தெளிவாக, சொல்லிக்கொடுத்தபடியே. துணையக்காவுக்கு ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, இவள் நம்ம தயாரிப்பு என்று. அடுத்த நொடி டாக்டரம்மா முகத்தைப் பார்த்தாள். அதில் கோபமே இல்லை. பயம் இருந்தது.

"பொறுக்கற விஷயம் இல்லம்மா இது. குழந்தை தாங்காது."

"எல்லாரும் இப்படித்தான் பயமுறுத்துவாங்கன்னு அக்கா சொல்லியிருக்காங்க. சொல்லுங்கக்கா."

தியேட்டருக்குப் போ என்று அக்கா சொன்னால், துணைக்கு வந்தவளே காட்டிக்கொடுத்தாள் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றால், அந்த டக்டக் நின்றே போகலாம். இத்தனை வருஷப் பெருமையை விழுங்கினாள். குனிந்து முகத்துக்கு நேரே முகம் வைத்தாள்.

"அந்தப் பேச்சை விடு கண்ணு. சொல்லிக்குடுத்தவளே திருப்பி வாங்கிக்கறேன்."

"நீங்களும் அவங்க பக்கம் போயிட்டீங்களா?"

"கத்தி வராதுன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. என்னை அப்புறமா திட்டிக்கோ. இப்ப வலி விட்டிருக்குல்ல? அந்தச் சத்தத்தைக் கேளு. மெஷின் எப்படி ஓடுது?"

தையல்காரி கேட்டாள். டக்... டக்... இடையில் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு டக்.

"நூல் சிக்கின மாதிரி இழுக்குதுக்கா."

"அன்னைக்கு உன்னை யாரும் கேக்கல. இன்னைக்கு டாக்டர் கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. பதில் உன்னோடதுதான். ஆனா சீக்கிரம் சொல்லு."

தையல்காரி கண்ணைத் துடைக்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "வெட்டுங்க. ஒவ்வொண்ணையும் சொல்லிக்கிட்டே வெட்டுங்க. இவங்க என் தலைமாட்டுல நிக்கணும்."

ஸ்ட்ரெச்சர் ஓடியது. காபியோடு எதிரே வந்த டிரைவர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "என்னக்கா ஆச்சு?" என்றதற்குப் பதில் சொல்ல நேரமில்லை.

தியேட்டரில் நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். முதுகில் ஊசி போட்டாயிற்று. தையல்காரி கேட்டபடியே டாக்டரம்மா ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்தார். "மருந்து தடவறேன்மா... இப்ப வெட்டறேன்... இப்ப வயித்தைப் போட்டு உலுக்கற மாதிரி இருக்கும், பயப்படாதே..." பிறகு பேச்சு நின்றது. துணிக்கு அந்தப் பக்கம் கைகள் வேகமாக மாறுகிற அரவம் மட்டும்.

"ஏன்க்கா யாரும் பேச மாட்டேங்கறாங்க? குழந்தை ஏன் அழல?"

எதற்கும் பதில் வைத்திருப்பவள் துணையக்கா. 'ஒண்ணும் ஆகாது' என்பது நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை உள்ளேயே பிடித்து நிறுத்தினாள்.

"தெரியல கண்ணு. நான் இங்கயேதான் இருக்கேன்."

இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் காத்திருந்தார்கள். யாரோ எதையோ உறிஞ்சி எடுக்கிற சத்தம். ஒரு செருமல். அப்புறம் ஒரு கத்தல் பாருங்கள், தியேட்டர் கதவே அதிர்கிற மாதிரி!

"பொண்ணு," என்றார் டாக்டரம்மா, மூச்சை விட்டபடி. "சரிம்மா, இப்ப தையல் போடப் போறேன்."

"எத்தனை அடுக்கு?" என்றாள் தையல்காரி, அழுதுகொண்டே. "நெருக்கமாப் போடுங்க டாக்டர். இழுத்துப் போட்டுடாதீங்க, சுருங்கிக்கும்."