உப்பில்லாத படையல்

எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். அப்பா இருந்தவரை அதுதான் சட்டம். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைப்பார், முகம் சிவக்கும், அடுத்த நொடி தட்டு சுவரில் மோதிக் கீழே உருளும். ஒருமுறை சுவருக்குப் போக வேண்டியது அம்மாவின் நெற்றியில் பட்டது. இடது புருவத்துக்கு மேலே தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து அம்மா எதிலும் ஒரு பிடி உப்பைச் சேர்த்தே போட்டாள். பயத்தில் போட்டது எங்கள் நாக்குக்கும் பழகிவிட்டது. வேறு யார் வீட்டில் சாப்பிட்டாலும் எனக்கும் அண்ணனுக்கும் சப்பென்றுதான் இருக்கும்.

அப்பா பெரிய உடம்புக்காரர். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே நீட்டிக் கட்டிய பாவு நூலின் மேல் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவருடைய தங்கை, என் அத்தை, அதற்கு முன்பே அடுப்படியில் அதே மாதிரிதான் விழுந்தாள். அவளுக்கும் அதே உடம்பு. "கோவக்கார வம்சம், கோவம் தலைக்கேறிப் போச்சு" என்று தெருவே சொன்னது. நாங்களும் நம்பினோம். பிரஷர் என்றால் கோபத்தில் வருவது, வாயை மூடிக்கொண்டு இருந்தால் வராது என்று நினைத்துக்கொண்டோம். சோற்றுத் தட்டை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

அண்ணன் அப்பாவின் அச்சு. அதே கழுத்து, அதே வயிறு. தறிக்குழியிலிருந்து எழுந்திருக்க மேலே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும். கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதால், பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட நான் தினமும் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வேன். அவன் மூச்சு விடுகிற சத்தம் தறிச் சத்தத்தை மீறிக் கேட்கும். பிரஷருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தலை வலித்தால் மட்டும் போடுவான். வலிக்காத நாளில் பஜ்ஜி, பரோட்டா, மிக்சர்.

"அப்பாவை வாரிக்கினு போனது உன்னை விட்டுடுமா?" என்று கத்துவேன்.

"அதான் ரத்தத்துல வந்ததுன்னு ஆச்சே. வர்றது வரும். நடுவுல இந்த பஜ்ஜி இன்னா பாவம் பண்ணுச்சு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஊடை நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையை எடுத்து அவன் முழங்கையில் ஒன்று போட்டேன். அவன் பதிலுக்கு என் தலையில் குட்டினான். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இரண்டு பேரும் இப்படித்தான் நெய்தோம்.

அப்பாவின் முதல் தெவசம் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். வத்தக்குழம்பு, வடை, அப்பளம், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். படையலுக்குச் சமைக்கும்போது யாரும் ருசி பார்க்கக் கூடாது, அவர் வாய்க்கு முன்னால் நம் வாய் படக் கூடாது. எல்லாம் கண் அளவுதான். அம்மா கண் அளவில் அள்ளி அள்ளிப் போட்டாள். செத்துப்போன மனுஷனிடமும் அவளுக்குப் பயம். மாடியில் காக்கைக்கு வைத்து, அது கொத்தின பிறகு, படைத்த இலையில் அண்ணன் உட்கார்ந்தான். மகன் அதைத் தின்று தீர்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

அவன் தீர்த்தான். மறுபடி போடச் சொன்னான். காது மடல் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. சாகும் அன்று காலையில் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

"போதும், எழுந்திரு."

"அப்பன் இலைடி இது. மிச்சம் வெச்சா அவரு வயிறு எரியும்."

இலையைச் சோற்றோடு சுருட்டி எடுத்துத் தெருவில் வீசினேன். குழம்பு வாசற்படி வரை வழிந்தது. அண்ணன் எழுந்து வந்து விட்ட அறையில் என் காது அடைத்துப்போனது. கையில் கரண்டி இருந்தது. அவன் தோளில் இறக்கினேன். அவன் என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். நடுவில் வந்த அண்ணி கீழே விழுந்தாள். "கொல்லுடா, என்னையும் அங்க அனுப்பு!" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் பிடி தளர்ந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சத்தியமாக என் கரண்டி அவன் மூக்கில் படவில்லை. வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான். நானும் அண்ணியும் ஆட்டோவில் அவனைத் திணித்தோம். சாகாதே, சாகாதே என்று வழியெல்லாம் அவனைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பிரஷர் கருவியை அண்ணன் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று கேட்டாள். அப்பாவையும் அத்தையையும் சொல்லி, கோபத்தில் வந்தது என்றேன்.

"கோபம் கொஞ்ச நேரம் ஏத்தும், எறங்கிடும். இது எறங்காம நிக்கிறது. சீக்கிரமா எடை போடுற வாகும், உப்பு கொஞ்சம் கூடினாலே பிரஷர் ஏறுற வாகும் உங்க வம்சத்துல வந்திருக்கலாம். அதை யாராலயும் மாத்த முடியாதும்மா. ஆனா தட்டுல விழறதை மாத்தலாம், எடையைக் குறைக்கலாம். மத்தவங்க சாப்பிட்டுத் தப்பிச்சிடற சாப்பாடு உங்களைத் தப்பிக்க விடாது. மாத்திரையை நிறுத்தவே கூடாது. சரி, உங்க கையை நீட்டுங்க."

எனக்கும் இருந்தது. கட்டிலில் கிடந்த அண்ணன் மூக்கில் பஞ்சோடு சிரித்தான். "வா தங்கச்சி, பக்கத்துல வந்து படு."

அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த வீட்டில் நடந்தது சண்டை இல்லை, போர். ஊறுகாய் ஜாடியை நானே கல்லில் போட்டு உடைத்தேன். அவன் ராகிக் கூழ்ச் சட்டியை எட்டி உதைத்தான். எடை குறைந்தது, ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு பாத்திரம் நசுங்கியது. சாம்பாரில் உப்பு போதவில்லை என்று ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தான். அப்பா எறிந்த அதே சுவர். அம்மா முழங்கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். அண்ணன் அதைப் பார்த்தான். தறியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

இத்தனைக்கும் பிரஷர் முழுசாக இறங்கவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டி அம்மாவின் முந்தானை முடிச்சை இழுத்துப் பிரித்தேன். கல்லுப்பு கொட்டியது.

"உன் புள்ளையை நீயே கொல்றியா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

அம்மா சாதாரணமாகக் கேட்டாள். "அவன் தட்டை எறிஞ்சா யாரு மேல படும்? உன் மேலயா?"

இரண்டாவது தெவசம் வந்தது. இந்த முறை சமையல் அண்ணியும் நானும். ருசி பார்க்கக் கூடாது என்ற வழக்கம் எங்களுக்கு வசதியாகப் போனது. எதிலும் ஒரு கல் உப்பு போடவில்லை. அண்ணன் மாடியில் இலையை வைத்து, கா கா என்று தொண்டை வறளக் கூப்பிட்டான். தண்ணீர் டாங்க் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து பார்த்தது. இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்க முடியாது.

"அவருக்குத் தெரிஞ்சு போச்சு, உப்பில்லைன்னு. வரமாட்டாரு" என்றாள் அம்மா. எப்போது முடிந்துவைத்தாளோ, மறுபடி முந்தானையை அவிழ்த்து, உள்ளங்கையில் உப்போடு இலைப் பக்கம் குனிந்தாள். கை வெடவெடவென்று நடுங்கியது.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்தான். உப்பைப் பார்த்தான், நெற்றித் தழும்பைப் பார்த்தான். அப்புறம் டாங்க் பக்கம் திரும்பி அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"யோவ்! வந்தா துன்னு, வராட்டி போ! நீ துன்னதுக்கு நாங்க மாத்திரை முழுங்கிக்கினு இருக்கறோம். நீ எறிஞ்சதுக்கு இவ இன்னும் நடுங்கிக்கினு இருக்கறா. போதும்யா!"

செங்கல் துண்டு ஒன்றை எடுத்து வீசினான். காக்கை பறந்தது. படையல் காக்கையைக் கல்லால் அடித்தவனை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

அவன் கீழே இறங்கி வந்து, காக்கை தொடாத சாப்பாட்டின் முன் உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான். முகம் சிவந்தது. அம்மாவின் கை நெற்றிக்குப் போனது. நான் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மென்று விழுங்கினான்.

"சகிக்கலை" என்றான். "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா."

அம்மா ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டே, மறுகையால் போட்டாள்.