ஒரு பைட் குப்பை

சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்திக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அப்துல் ரஹீம் கணக்கெழுதும் ரைட்டர். காப்பி மூட்டைகளை எடை போட்டு சேலத்துக்கு லாரி ஏற்றுவது அவர் வேலை. தராசு முள் நிற்கும்வரை மனிதர் மூச்சே விடமாட்டார் என்று காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அவருக்கு வேறு பெருமை கிடையாது. தேவைப்படவும் இல்லை.

தொண்ணூற்று மூன்றில் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுதியவன் மானேஜர் கந்தசாமியின் மருமகன். சி மொழியை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டவன்; விடுமுறை இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். மலையில் ரஹீம் எடையைத் தட்டி, ஃப்ளாப்பியை லாரியோடு அனுப்புவார். சேலம் கிடங்கில் மறுபடி எடை போட்டுத் தட்டுவார்கள். இரண்டு பதிவும் ஒன்றுதானா என்று புரோகிராம் சொல்லும்.

முதல் மாதமே பாதி மூட்டைகளுக்குப் ‘பொருந்தவில்லை’ என்றது. அச்சான தாளிலோ தேதி, தரம், எடை எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. அந்தத் தாளை ஆட்டிக்கொண்டுதான் கந்தசாமி காப்பிக் களத்தில், அத்தனை பெண்கள் முன்னிலையில் கத்தினார்.

"கண்ணுக்குத் தெரியாத மாதிரி மாத்தியிருக்கான் திருட்டுப்பய! மிஷின் பொய் சொல்லுமா?"

இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதே திருட்டுக்குச் சாட்சி. அப்படிப்பட்ட மூளை.

பொங்கல் லீவுக்கு மகள் ஜரீனா வந்தாள். கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் கடைசி வருஷம். அவள் அத்தா ரஹீம் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டனாட்ட இருக்குது, கண்ணு."

மானேஜர் மேல் வந்ததைவிட, இந்தப் பேச்சின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாளே சேலம் ஆபீசுக்குப் போய், கந்தசாமியும் பக்கத்தில் இருக்க, மருமகனிடம் புரோகிராமைத் திறக்கச் சொன்னாள். குற்றம் ஒரே வரியில் இருந்தது. பதிவின் பகுதிகளைத் தனித்தனியே பார்க்காமல், மெமரியில் இருந்த மொத்தத்தையும் பைட் பைட்டாக ஒப்பிட்டிருந்தான்.

"தரத்துக்கு ஒரு எழுத்து, ஒரு பைட். அடுத்து எடை. எண்ணு இரட்டைப்படை இடத்துல தொடங்கட்டும்னு மிஷின் நடுவுல ஒரு பைட்டைச் சும்மா விட்டுருது. அதுல நீங்க எதையும் எழுதலை. முன்னாடி குடியிருந்தவன் விட்டுட்டுப் போன குப்பை அங்கயே கிடக்குது. அந்தக் குப்பையையும் சேர்த்து ஒப்பிட்டிருக்கீங்க."

"டெஸ்ட் பண்ணினப்ப சரியா வந்துச்சுங்களே," என்றான் மருமகன்.

"எப்படிப் பண்ணினீங்க?"

"ஒரே ஃபைலை நகலெடுத்து, ரெண்டையும் ஒப்பிட்டேனுங்க."

நகலில் குப்பையும் அப்படியே நகலாகியிருந்தது. தேதி, தரம், எடை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடும்படி வரியை மாற்றி ஓட்டினாள். ‘பொருந்தவில்லை’ ஒன்றுகூட வரவில்லை.

"சின்ன விஷயந்தானுங்க," என்றான் மருமகன்.

கந்தசாமி தொண்டையைச் செருமினார். "சரி சாமி, அப்பாவை நாளைக்கு வேலைக்கு வரச்சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தா கேட்டது ஒன்றைத்தான். "களத்துல வெச்சுத்தானே திருடன்னாரு? அங்கயே, அவங்க முன்னாடியே, இல்லைன்னு சொல்லோணும் கண்ணு. அப்பறம் போறேன்."

கந்தசாமி சொல்லவில்லை. அத்தா போகவும் இல்லை. பறிப்பு முடிந்தது, மழை வந்தது. அடுத்த பழம் சிவப்பதற்குள் அத்தாவின் மூச்சு நின்றுவிட்டது.

மையத்தை அடக்கத்துக்கு எடுக்குமுன் கந்தசாமி வந்தார். வாசலில் பறிப்புக்காரப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜரீனாவிடம் குனிந்து, காதோடு சொன்னார்: "தப்பு எங்க மேலதான், சாமி. நொம்ப நேர்மையான மனுசன்."

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள்.

அவர் செருப்பைத் தேடினார்.