நைனா என்று யார் கூப்பிடுவது

பழவேற்காட்டுப் படகுத்துறையில் நண்டு வறுத்து விற்கும் வளர்மதிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், வாணலி தீய்ந்தாலும் கவலையில்லை. ஏரி பார்க்க வருகிறவர்களுக்கு ஊர்ப் பேச்சைச் சொல்லித் தருவதில் அவளுக்குத் தனி சந்தோஷம். 'இன்னா' என்றால் சண்டைக்கு வருவதாக அர்த்தமில்லை, பேஜார் என்றால் தொல்லை, நைனா என்றால் அப்பா.

கார்த்திக் என்கிற சென்னைப் பையன் கைப்பேசியை நீட்டியபோதும் அப்படித்தான் ஆசையாகச் சொன்னாள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக வீடியோ எடுக்கிறானாம். பட்டணத்தில் யாரை வேண்டுமானாலும் நைனா என்பார்கள், எங்கள் குப்பத்தில் பெற்றவரை மட்டும்தான் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மற்றதற்கெல்லாம் சிரிப்புச் சத்தம் சேர்த்து உலகத்துக்கே காட்டினான் அந்தப் புண்ணியவான்.

அதிலிருந்து பிடித்தது சனியன். படகு ஓட்டும் அவள் புருஷன் லோகநாதனை, மீசை முளைக்காததெல்லாம் "யோவ் நைனா" என்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொன்னேரிக் கல்லூரியில் படிக்கும் மகள் நந்தினியை உடன் படிப்பவர்கள் 'நைனா பொண்ணு' என்று கேலி செய்ய, அவள் வீட்டிலும் அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். அப்பா என்றாள். அதுவும் அபூர்வமாகத்தான். லோகநாதன் சாப்பிடும்போது மகள் முகத்தைப் பார்ப்பான், பிறகு தட்டைப் பார்ப்பான்.

வளர்மதி கார்த்திக்குக்குப் போன் போட்டு வீடியோவை நீக்கச் சொன்னாள். நிறையப் பேர் பார்க்கிறார்கள், உங்கள் கடைக்கு விளம்பரம்தானே என்றான் அவன்.

"எங்கூட்டு வார்த்தைய எத்துகினு போயி எம்பொண்ணு வாய அடைச்சிட்ட. இதுல வெளம்பரம் வேறயா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். வீடியோ அப்படியேதான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் சோற்றுத் தூக்கைக் கரையிலேயே மறந்துவிட்டுப் படகேறினான். நந்தினி அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்வரை ஓடினாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. காது கேட்காமல் இல்லை. அந்த வார்த்தை தன்னைத்தான் கூப்பிடுகிறது என்பது அவனுக்கு இன்னும் பழகவில்லை.

படகில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கால்மேல் கால் போட்டிருந்த சுற்றுலாக்காரன் ஒருவன், "யோவ் நைனா, கெளம்பலியா?" என்றான்.

லோகநாதன் சட்டென்று நிமிர்ந்து கரையைப் பார்த்தான். கூப்பிட்டது மகள் என்று நினைத்துவிட்டான். அவள் வாய் திறக்காமல் நிற்பதைக் கண்டதும், கையிலிருந்த தூக்கைக்கூடக் கவனிக்காமல், கறுப்புக் கண்ணாடிக்காரனிடம் தலையாட்டிவிட்டு இன்ஜினைக் கிளப்பினான்.

வளர்மதி கரண்டியை வீசிவிட்டு வந்தாள்.

"பாத்தியாடி? எவனோ கூப்ட்டதுக்கு உன் நைனா உன்னத் தேடுது."

நந்தினி 'நைனா' என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் படகு நடு ஏரிக்குப் போய்விட்டிருந்தது. தூக்கு அவள் கையிலேயே இருந்தது.