ஒரு முகூர்த்தம் ஓட்டிப் பார்த்த கேமரா

பழைய வீடியோ கேமரா வாங்குவதற்கு அன்றைய மதுரையில் ஒரு வழக்கம் இருந்தது. "ஒரு முகூர்த்தம் ஓட்டிப் பாத்துட்டு வாங்கண்ணே" என்பார்கள். விற்கிறவர் கேமராவை நம் கையில் கொடுத்து ஏதாவது ஒரு கல்யாண வீட்டுக்கு அனுப்பிவைப்பார். மண்டபத்து இருட்டு, ஹோமப் புகை, வாசல் வெயில், நாயனச் சத்தம், இடித்துக்கொண்டு போகும் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிட வேறு இடம் ஏது? மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரிதான். கல்யாண வீட்டாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சும்மா வருகிற இன்னொரு கேமரா அவர்களுக்குப் பெருமைதானே.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் பல வருடம் கல்யாண வீடியோ எடுத்துத் தோள்வலி வந்து, பிறகு கேமரா வாங்கி விற்கத் தொடங்கியவர். அவர் மேசைமேல் இரண்டு கேமராக்கள் எனக்காகக் காத்திருந்தன. ஒன்று தோளில் வைப்பது. பெரிய லென்ஸ், தனி மைக் செருக இடம், ஃபோகஸைக் கையாலேயே திருப்பிக்கொள்ளும் வளையம். பார்த்தாலே சினிமா என்று தோன்றும். மற்றது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கவாட்டில் விரிகிற குட்டித் திரை இருந்தது. லென்ஸை ஜூம் பண்ணினால் மைக்கும் கூடவே போய், தூரத்துப் பேச்சை இழுத்துக் கொடுக்கும் என்றார்.

"பெருசு ரெண்டாள் கேமராண்ணே. நீங்க தோள்ல வச்சு நிப்பீங்க, இன்னொருத்தர் மைக்கப் பிடிக்கணும். சின்னது ஒத்த ஆளுக்குப் போதும். உங்களுக்கு ஆளு இருக்கா?"

"இருக்கு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த ஆள் என் நண்பன். கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸில் இருந்தேன், அவன் மெஷின் ஷிப்டில் இருந்தான். கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில்தான் பழக்கம். அவனுக்கு ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். நான் மதுரைக்குள்ளேயே சௌராஷ்டிரத் தெருவில் பிறந்தவன். எங்கள் தெருவில் பாதிப்பேர் உறவு, மீதிப்பேர் உறவாகப் போகிறவர்கள். பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் ஒரு படத்தில் ஒரு ஷாட் ஏன் நல்லாயிருந்தது என்று சொல்ல வாயெடுத்தால் என் அண்ணன்கூட எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவான். வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் அதைப் பேச எனக்கு ஒருவரும் இல்லை. தமிழில் ஒரே ஒருவன் இருந்தான்.

அவன் கேட்பான். அதுதான் அவனிடம் இருந்த பெரிய குணம். ஞாயிற்றுக்கிழமை தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு சோழவந்தானுக்குப் போவான். வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலைக் கட்டை பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவரும் ஒருவரின் ஒரு நாளைப் படமாக எடுப்பது பற்றி நான் பேசிக்கொண்டே இருப்பேன். "இந்த எடத்துல நான் மைக்க எங்க மாப்ள பிடிக்க?" என்று கேட்பான். ஒரு கம்பை எடுத்து, நுனியில் துண்டைக் கட்டி, என் தலைக்குமேல் நீட்டிக் காட்டுவான். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். திரும்பி வரும்போது எனக்கு அந்த வாரம் முழுவதும் ஓட்டுவதற்குத் தெம்பு இருக்கும்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு உள்ளுக்குள் பயம்தான். கேட்டேவிட்டேன். "கல்யாணம் ஆனா என்ன மாப்ள, ஞாயித்துக்கிழமைய எவன் பிடுங்கப்போறான்? நீ பெரிய கேமராவா வாங்கு" என்றான். அதனால்தான் பெரியதை எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். அது என்னைப் பொறுத்தவரை கேமரா பற்றிய முடிவு அல்ல. எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான் என்பதற்கு, தோளில் வைத்து ஊருக்குக் காட்டக்கூடிய அத்தாட்சி அது.

கடைக்காரர் விடவில்லை. "ரெண்டையும் ஓட்டிப் பாருங்கண்ணே. மொதல்ல சின்னத எடுத்துட்டுப் போங்க, அடுத்த முகூர்த்தத்துக்குப் பெருச எடுத்துக்கங்க" என்றார். அடுத்து வந்த முகூர்த்தம் நண்பனுடைய கல்யாணம். சின்னதை வேண்டாம் என்று சொல்வதற்காகவே அதை எடுத்துக்கொண்டு போனேன். முதல் ஷாட் சாமியாக இருக்கவேண்டும் என்பது அந்தத் தொழிலில் சட்டம் மாதிரி. கடையில் மாட்டியிருந்த பிள்ளையாரை எடுத்த பிறகுதான் படியிறங்க விட்டார்.

ஊர் மண்டபத்தில் நுழைந்ததுமே ஒரு விஷயம் புரிந்தது. கையில் கேமரா இருந்தால் நான் மாப்பிள்ளையின் நண்பன் இல்லை, வீடியோக்காரன். "வீடியோ தம்பி, எங்க பெரியப்பாவ எடுங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். பெண் வீட்டார் ஏற்பாடு செய்திருந்த உண்மையான வீடியோக்காரரோ, என் சின்ன கேமராவைப் பார்த்து, "பொம்மையாண்ணே?" என்றார். அவருடைய லைட்டைக் கண்டதும் ஆட்கள் பேச்சை நிறுத்தி, சட்டையை இழுத்துவிட்டு, வெட்டி வைத்த சிலையாக நின்றார்கள். என் கேமராவை யாரும் பொருட்படுத்தவில்லை. என் முன்னால் சண்டை போட்டார்கள், பாக்கு மென்றார்கள், ஒரு பெரியம்மா செருப்பைத் தேடிக்கொண்டு என் லென்ஸ் மேலேயே வந்து முட்டினார். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. படத்துக்கு வேண்டியது இதுதான். ஆனாலும் பெரியதுதான் என்று மனசை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நண்பர்கள் சேர்ந்து நின்ற போட்டோவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. மணமேடையிலிருந்து அவன் கண்ணால் தேடியிருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் வாசலில் கொட்டுக்காரர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடும் கடைசிப் பந்தியில் அந்தக் கொட்டுக்காரர்களோடுதான். ரசம் நன்றாக இருந்தது. ஆனால் அவனுடைய கல்யாணச் சாப்பாட்டை முகம் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. ரேடியோ செட்டையும் நிறுத்திவிட்டார்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு, நண்பனும் அவன் மாமனாரும் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கை இதுவரை சோதிக்கவில்லையே என்று நினைவு வந்தது. எதிர்ப்பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவன் முகத்துக்கு ஜூம் பண்ணினேன். இலை நிழல் அவன் கன்னத்தில் ஆடியது. முதலில் காற்றுச் சத்தம்தான் வந்தது. பிறகு மாமனாரின் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

"அப்ப தீவாளி முடிஞ்சு திருப்பூருக்கு வந்துருவீகல்ல? நம்ம கடைக்கு ஒரு ஆளு வேணும்."

"வந்துர்றேன் மாமா. கம்பெனில சொல்லிட்டேன்."

எனக்கு அவன் சொல்லவில்லை. கேமரா ஆடாமல் இருக்க முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டேன்.

"என்னமோ படம் எடுக்கப்போறீகன்னு பேச்சு அடிபட்டுச்சு?"

நண்பன் சிரித்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. "அதெல்லாம் இல்ல மாமா. அது அவன் ஆசை. பாவம், அவனுக்கு வேற ஆளு கெடையாது. அதான் கூடப் போய்க்கிட்டு இருந்தேன்."

அவன் குரலில் ஏளனம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் நான் கோபப்பட்டுப் பிழைத்துப் போயிருப்பேன். அவன் நிஜமாகவே எனக்காக இரக்கப்பட்டான். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும், அந்தக் கம்பு, துண்டு, சிரிப்பு எல்லாமும் நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வருகிறவனின் நல்ல மனசு என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ரெக்கார்டை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் என்னைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து கையசைத்தான். நானும் கையசைத்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். கேசட்டை டிவியில் போட்டு இரண்டு பேருமாகப் பார்ப்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. கடைக்காரர் டீ சொல்லிவிட்டு, புகை நேரத்தில் நிறம் எப்படி, இருட்டில் புள்ளி விழுகிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். வேப்பமரம் வந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் பேசுவதும் கடை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. 'கூடப் போய்க்கிட்டு இருந்தேன்' வந்தபோது கடைக்காரர் டிவியைப் பார்க்காமல் துடைக்கும் துணியைத் தேடினார். பெரிய கேமராவின் லென்ஸை அழுத்தித் துடைத்து, மூடிபோட்டு, அலமாரிக்குள் வைத்தார்.

"பெருசுக்கு மேலூர்ல ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காருண்ணே. அவருக்கே குடுத்துர்றேன்" என்றார். அந்த மனுஷனுக்கு நான் கடைசிவரை நன்றி சொல்லவே இல்லை.

சின்னதைத்தான் வாங்கினேன். பொம்மை என்று அந்த வீடியோக்காரர் சொன்ன பொருளோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சோழவந்தான் போனேன். வெற்றிலைக்காரர் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தார், நான் எடுத்தேன். என்னை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஷாட் அருமையாக வந்தது. வந்ததும் வாயைத் திறந்து, "மாப்ள, பாத்தியா" என்று சொல்லிவிட்டேன். வெற்றிலைக்காரர் திரும்பி, "யாரத் தம்பி கூப்புடுறீக?" என்றார். அந்தக் கொடிக்கால் வரப்பில் அன்றைக்கு நான் இருந்த தனிமையைப் போல அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை. ஆனால் படம் முடிகிறவரை தொடர்ந்து போனேன்.

தீபாவளி கழிந்து அவன் திருப்பூர் போய்விட்டான். போகுமுன் வந்து, கண் கலங்க, திடீர் முடிவு என்றான். நானும் திடீரென்று கேட்டவன் மாதிரியே கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு நாள் கம்பெனிக்குப் போன் செய்தான். கல்யாணத்தில் நான் எடுத்ததைத் தன் மனைவி பார்க்க ஆசைப்படுகிறாள், வீட்டு டெக்கில் ஓடுகிற மாதிரி பெரிய கேசட்டில் காப்பி போட்டு அனுப்பு என்றான். கேமராவிலிருந்து டெக்குக்கு வயர் மாட்டி, ஒரு மத்தியானம் காப்பி போட்டேன். வேப்பமரம் வந்ததும் சத்தத்துக்கான வயரை மட்டும் பிடுங்கினேன். மாமனார் எழுந்து போனதும் மறுபடி செருகினேன்.

கேசட் போய்ச் சேர்ந்து இரண்டாம் வாரம் போன் வந்தது. குரலில் அத்தனை சந்தோஷம். "செம்மையா இருக்கு மாப்ள! அந்த வீடியோக்காரன் எடுத்ததவிட உன்னோடதத்தான் இவ திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறா. நீ பெரிய ஆளா வருவடா." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் பாராட்டுக்கு நான் அப்போதும் ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஒண்ணு மட்டும் மாப்ள. நானும் மாமாவும் மரத்தடியில உக்காந்து பேசுறோம்ல, அங்க சத்தமே வரலியே. மைக்கு ரிப்பேரா?"

"ஆமா மாப்ள. அந்த எடத்துல மட்டும் சரியா விழல."

"அம்புட்டு நேரம் என்ன பேசுனீகன்னு இவ கேட்டுக்கிட்டே இருக்காடா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், எனக்குச் சுத்தமா ஞாபகம் வரல. நீ அங்கனதான உக்காந்திருந்த, உனக்கு எதுவும் காதுல விழுந்துச்சா?"

ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வெளியே லாரியில் குடம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இல்ல மாப்ள," என்றேன். "உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."