சொல்லின் வால்

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு நீளமான டேனிஷ் சொல். அடியில் தமிழெழுத்தில் 'ஃபமீலியெசம்மென்ஃபோரிங்'. 'மீ'க்கு மேல் மட்டும் பென்சிலால் தடித்த புள்ளி. குடும்பம் ஒன்றுசேர்தல் என்று அர்த்தம்.

எழுதியவர் மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட அண்ணை. மன்னார்க்காரர், மருத்துவமனையில் துப்புரவு வேலை. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் நான் சென்னையிலிருந்து படிக்கப் போயிருந்தேன். போர் அவரை மொன்றியலிலும், மனைவியையும் மகளையும் டென்மார்க்கிலும் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. அவர்களோடு போய்ச் சேர விண்ணப்பித்துவிட்டு, மகளிடம் தொலைபேசியில் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டிருந்தார். நாம் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சமமாகத்தானே சொல்வோம், அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. "ரெண்டு இடத்தில அமத்தினா ரெண்டு சொல்லாப் போயிடுமாம் தம்பி. முன்னுக்கு ஒருக்கா அமத்திப்போட்டு மிச்சத்தை விழுங்கோணுமாம்" என்று முகம் மழித்தபடியே சொல்லிப் பார்ப்பார். இடையில் ஒரு 'ஸ்' வைத்துத் தைத்தால் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகலாம் என்பதும் அவள் பாடம்தான்.

ஒரு மத்தியானம், அவர் வேலையிலிருந்தபோது மகள் அழைத்தாள். "கடிதம் வந்திட்டுது. அப்பாட்ட சொல்லுங்கோ" என்று அந்தச் சொல்லை வாசித்தாள். 'மீ' கணீரென்று விழுந்தது. சொல்லின் மிச்சம் வெறும் முணுமுணுப்பு. இணைப்பு அறுந்துவிட்டது.

அண்ணை படியேறும்போதே கத்தினேன்: "அண்ணை, வந்துடுச்சு!" அவர் சுவரில் சாய்ந்து அழுதார். அங்கே நடுராத்திரி, எழுப்ப வேண்டாம் என்றார். நம் கடைகள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் லட்டு வாங்கிவந்து மாடி மாடியாகக் கொடுத்தார்.

காலையில் மனைவி தொலைபேசியை எடுத்தார். சொல்லின் வாலில் 'ஸ்' வைத்து இன்னொன்று ஒட்டியிருந்ததாம்: 'அவ்ஸ்லா'. நிராகரிப்பு. மரமண்டை நான்! தமிழிலும் வேண்டுமா வேண்டாமா என்பது கடைசியில்தானே வருகிறது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அண்ணை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பிள்ளை வடிவாத்தான் சொல்லியிருக்கிறா. கடைசியை விழுங்கத்தானே வேணும்" என்றார். திட்டியிருக்கலாம்.

வாரக்கணக்கில் படிகளில் எல்லோரும் "எப்ப பயணம்?" என்று கேட்டார்கள். "பேந்து, பேந்து" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தபடி இறங்கிப் போவார்.

இப்போதும் யாராவது நல்ல செய்தி என்று தொடங்கினால் கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்கிறேன். நான் வீட்டைக் காலிசெய்த நாள்வரை அந்தக் காகிதம் கதவிலேயே இருந்தது. வாலை அவர் எழுதிச் சேர்க்கவில்லை. காலையில் முகம் மழிக்கும்போது சொல்லிப் பார்ப்பதையும் விடவில்லை. ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு இடத்தில் அமத்தி, இரண்டு சொல்லாகத்தான் சொன்னார்.